ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஓடுமா

எங்கள் பக்கத்துச் சுவர்களில் சினிமா போஸ்டரை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். "யாருப்பா இது? நேத்துக்கூட சந்தையில பாத்தேனே!" என்று டீக்கடையில் அரை மணி நேரம் பேச்சு ஓடும். இந்த உண்மையைக் கண்டுபிடித்து, அதைச் சினிமா விளம்பரத்துக்குப் பயன்படுத்தி, பெற்ற தகப்பனுக்குக் கோடி வரவழைத்த மேதை நான். கோடி என்றால் சாவு வீட்டுக்குச் சம்பந்திமார் மாலையோடு கொண்டுவரும் புதுத்துணி. கோடி வந்து இறங்கிய நேரத்தில் எங்கள் அய்யா கொல்லையில் மிளகாய்ப் பழம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று. பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. சென்னையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருத்தனின் மூன்று நாட்கள்தான் கதை. சாக்கடை, வட்டிக்காரன், போலீஸ் அடி, மழை. பார்த்தவர்கள் எல்லாரும் "ரொம்ப ராவா இருக்கு" என்றார்கள். வேகவில்லை என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிய நாளானது.

அதில் அய்யாவுக்கு ஒரு பகுதி உண்டு. ஏடிஎம் வாசல் காவல்காரராக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. கண் ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்து என் அறையில் தங்கியிருந்த அய்யா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். காவல்காரர் சட்டையைப் போட்டுப் பார்த்தோம், தைத்துவைத்த மாதிரி இருந்தது. கதாநாயகனுக்குத் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்து ஊர்க்கதை பேசுகிற கிழவர். மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்திருப்பார். மதியம் வரைக்கும் ஆட்கள் வந்து பணம் எடுத்துக்கொண்டு போவார்கள், ஒருத்தருக்கும் தெரியாது. கதாநாயகன் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரியும். மொத்தம் பதினோரு நிமிடம்.

சாகச் சொன்னபோது அய்யா ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"கண்ணைத் தொறந்துக்கிட்டா, மூடிக்கிட்டா?"

"தொறந்துக்கிட்டுய்யா."

புரை விழுந்த கண்ணைத் திறந்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். எடுத்ததை மானிட்டரில் காட்டினேன். மூஞ்சியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வெள்ளையா என்னமோ அசையுது. பெரிசா போடுவீகள்ல, அப்பப் பாத்துக்கிறேன்" என்றார்.

மறுவாரம் கண் சரியாகிவிட்டது. படம் பெரிதாக வருவதற்கு இரண்டு வருடம் ஆனது. வந்தது பங்குனி மாதத்தில். பரீட்சை நேரம் என்பதால் பெரிய படங்கள் ஒதுங்கிக்கொள்ளும், எங்களைப் போன்றவர்களுக்கு வழி விடுவார்கள். தேதியைச் சொல்ல அய்யாவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளி, சனி பழம் எடுக்க ஆள் சொல்லியாச்சுடா. ஞாயித்துக்கிழமை ராம்நாட்டுக்கு வாரேன். அதுவரைக்கும் ஓடுமா?"

"என்னய்யா இப்படிக் கேட்டுப்புட்டீக?" என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

விளம்பர வேலை ஆரம்பித்தது. படம் எடுப்பது ஒரு தொழில், எடுத்திருக்கிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்வது வேறு தொழில். இரண்டாவது எனக்கு வரவே இல்லை. யூடியூப் பேட்டிகளுக்கு வரிசையாகப் போனேன். கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் டிரெய்லரைக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஒரு பெண் கேமரா ஓடுவதற்கு முன் அன்பாகச் சொன்னார்: "சார், அப்பாவைப் பத்திப் பேசும்போது கொஞ்சம் கலங்கினீங்கன்னா தம்ப்நெயில் நல்லா வரும்." நான் எவ்வளவோ முயன்றேன். முகத்தில் அப்பியிருந்த பவுடரும் ஏசியும் சேர்ந்து தும்மல்தான் வந்தது. அந்தத் தும்மலின் நடுப்பகுதியை நிறுத்தி, 'கதறி அழுத இயக்குநர்' என்று போட்டுவிட்டார்கள். அம்மா போன் பண்ணி, "எவன்டா அடிச்சான் ஒன்னைய?" என்று கேட்டாள்.

ரீல்ஸும் செய்தேன். ஒரு கிழவர் அநாதையாகச் சாகிற படத்துக்கு, அதே ஏடிஎம் வாசலில் கதாநாயகியோடு இடுப்பை ஆட்டினேன். கீழே வந்த கருத்துகளில் அதிகம் பேர் விரும்பியது: 'பின்னாடி ஆடுற அங்கிளைத் தூக்குங்கப்பா.' அங்கிள்தான் இயக்குநர்.

ரிலீஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, படத்தின் விளம்பரத்தைக் கவனித்த பி.ஆர்.ஓ. என்னை ஊருக்கு அனுப்பினார். "மண்ணின் மைந்தர் சார் நீங்க, அங்க உங்களுக்கு ஒரு கிரேஸ் இருக்கும்" என்றார். ராமநாதபுரத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே தியேட்டர், நாளுக்கு ஒரே காட்சி, மாலை ஆறு மணி. மேனேஜர் நல்ல மனிதர். உட்கார வைத்து கலர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"வெள்ளி, சனி பாப்போம் தம்பி. ஆள் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை வேற படம் மாத்திருவோம். கோச்சுக்காதீக."

மற்ற ஊர்களில் என்ன ஆனால் என்ன, இங்கே ஞாயிற்றுக்கிழமை படம் திரையில் இருக்க வேண்டும். அய்யாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உள்ளூர் கேபிள் டிவியில் நகைக்கடை விளம்பரத்துக்கும் தண்ணீர்த்தொட்டி கழுவும் விளம்பரத்துக்கும் நடுவே நான்கு நிமிடம் பேசினேன். கீழக்கரையில் ஒரு கல்லூரியில் படத்தைப் பற்றிப் பேசப் போனேன். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அந்த ஜில்லாவிலேயே அது இல்லாத ஒரே ஆள் நான். ராமேஸ்வரம் போகிற வழியில் பாம்பன் பாலத்தில் ரீல் எடுக்க இறங்கினால், வடக்கேயிருந்து வந்த ஒரு யாத்திரைக் குடும்பம் என் கையில் செல்போனைக் கொடுத்துத் தங்களைப் படம் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். கைம்மாறாகப் படத்தின் பெயரைச் சொல்லச் சொன்னேன். தப்பும் தவறுமாக எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். மொத்தப் பிரசாரத்தில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். பார்த்தவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது.

அந்த வெறுப்பில் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் சுவரைப் பார்த்தேன். ஒரு அஞ்சலி போஸ்டர் முன்னால் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பக்கத்தில் என் படத்தின் போஸ்டர். அதன் முன்னால் ஒரு சைக்கிள் நின்றது.

அச்சகத்துக்கு ஓடினேன். காவல்காரர் உடையில் அய்யாவின் படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி.' கீழே: 'நாற்காலியில் அமர்ந்தபடியே மறைந்தார். யாரும் கவனிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அனைவரும் வருக.' அடியில், சஸ்பென்ஸ் கெடாமல் இருக்க, தியேட்டர் பெயரையும் படத்தின் பெயரையும் எறும்பு அளவில் போடச் சொன்னேன். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

ஒட்டுகிறவர் மொபெட்டில் பசை வாளியோடு வந்தார். சினிமாவுக்கும் சாவுக்கும் எங்கள் பக்கம் அவர்தான். போஸ்டரை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த ஊரு ஆளு இவுக?"

எனக்குப் பெருமை பொத்துக்கொண்டு வந்தது. "எங்க அய்யாதாண்ணே. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம்."

"பொண்ணு கட்டுனது?"

"கமுதிப் பக்கம்."

"ஓ. அங்கன ஒரு நடை போகணும்." போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார். "மனசைத் தேத்திக்கங்க தம்பி."

டிக்கெட் முன்பதிவு நிலவரம் இவருக்கும் தெரிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அஞ்சலி போஸ்டரை டவுனில் மட்டும் ஒட்டமாட்டார்கள். செத்தவருடைய ஊரில், அவர் பொண்ணு கட்டிய ஊரில், உறவுக்காரர்கள் பஸ் ஏறுகிற நிறுத்தங்களில் ஒட்டுவார்கள். சேதி சேர வேண்டியவர்களுக்குச் சேர வேண்டும் அல்லவா? இந்த மண்ணில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நான் பன்னிரண்டு வருடமாகச் சென்னையில் உட்கார்ந்து எளிய மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தன் என் பள்ளிக்கூட நண்பன், இரண்டு பேர் ஏசிக்காக. காட்சி முடிவதற்குள் தயாரிப்பாளர் கூப்பிட்டார். தியேட்டர் வாசலில் டீ வாங்கிக் கையில் வைத்திருந்தேன்.

"டைரக்டர் சார், செகண்ட் ஆஃப் லேக்னு எல்லா ரிவ்யூலயும் சொல்றாங்க. அந்த வாட்ச்மேன் போர்ஷனை முழுசா தூக்கிரலாம். நாளைக்கே எல்லாத் தியேட்டருக்கும் புது வெர்ஷன் போயிரும். என்ன சொல்றீங்க?"

எதையாவது வெட்டும்போது மட்டும்தான் அவர் என்னை சார் என்பார். அத்தனை பேட்டிகளிலும் 'அந்தப் பதினோரு நிமிடம்தான் படத்தின் உயிர்' என்று நான் சொல்லியிருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர், "தூக்கினா சிட்டியில திங்கக்கிழமை வரைக்கும் நிக்கும்" என்றார்.

"சரி சார்" என்றேன். கையிலிருந்த டீ ஆறக்கூட இல்லை. ராமநாதபுரத்துக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும், புது வெர்ஷனும் திங்கட்கிழமைதான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலை வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கமுதி மாமா, அம்மாவின் அண்ணன். வாயில் துண்டு. பின்னால் அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். தெருமுனையிலேயே ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

"ஏ மதினி! ஒங்க மஞ்சளும் குங்குமமும் மண்ணாப் போச்சே!"

அம்மா கையில் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். எதிரே அண்ணன். அவர் கையில் தட்டு, அதில் சேலை, வேட்டி, ரோஜா மாலை. பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தால் ஒரு பெண்ணுக்கு வேறு அர்த்தம் கிடையாது. அய்யா விடிவதற்கு முன்பே கொல்லைக்குப் போயிருந்தார். தனக்கு முன்னால் அண்ணனுக்குச் சேதி தெரிந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். கரண்டி கீழே விழுந்தது. அழவில்லை. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்து, "எந்தப் பக்கம்ணே விழுந்து கெடக்காரு?" என்று கேட்டாள்.

இந்தக் கதையை எத்தனையோ இடத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுவேன்.

நான் நுரையைத் துப்பிவிட்டுப் பேசுவதற்குள் மொபெட் சத்தம் கேட்டது. அய்யா முன்னால் ஒரு சாக்கு மிளகாயை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒப்பாரி பாதியில் நின்றது.

"என்ன மாப்ள, எல்லாரும் கெளம்பி வந்துருக்கீக? யாருக்கு என்ன?"

மாமா துண்டை வாயிலிருந்து எடுத்தார். "ஒங்களுக்குத்தான் மச்சான்."

அத்தை நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல், "அப்ப சாகலயாண்ணே நீங்க?" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக.

மாமா செல்போனை எடுத்துக் காட்டினார். அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த போஸ்டர். பசை மாவு ருசியில் ஆடு அடிப்பகுதியைத் தின்றிருந்தது. படத்தின் பெயர் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. 'ஆறு மணிக்கு அனைவரும் வருக' என்பதைக் காட்டி, "நாங்க பாத்ததே நேத்து ராத்திரிதான். போன் போட்டுக் கேக்குற சேதியா இது? இதுக்குள்ள எடுத்துருப்பாகளோன்னு பயந்துக்கிட்டே வந்தோம்" என்றார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏலே, இது ஒன் வேலையா?"

"வெளம்பரம் மாமா."

மாமா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அய்யா தடுத்தார். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்பது முறை. தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மாமா நின்றார். அய்யாவே வேட்டியை எடுத்துக் கரையைத் தடவிப் பார்த்தார். "நல்லதாத்தான் எடுத்துருக்க மாப்ள. நம்ம விசேசத்துக்கு ஒருநாளும் இப்படி எடுத்ததில்லயே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சேலையைத் தொடவில்லை. எழுந்து உள்ளே போய், கருகின தோசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரத்தில் பி.ஆர்.ஓ. கூப்பிட்டார். வேனில் வந்த யாரோ அய்யாவையும் கோடித் தட்டையும் சேர்த்துப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். "சார், பயங்கரமா போயிட்டிருக்கு! அப்பாவை வச்சு உடனே ஒரு வீடியோ! 'நான் உயிரோடதான் இருக்கேன்'னு ஒரே ஒரு வரி!"

அய்யாவிடம் கேட்டேன். அவர் சாக்கை அவிழ்த்துப் பழத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இதப் போட்டா ஆள் வருமா?"

"வரும்யா."

"ஞாயித்துக்கிழமை ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப எடு."

கை கழுவிவிட்டு அந்தக் கோடி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே டேக். "நான் சாகல. எம்மகன் படத்துலதான் செத்துருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க." கடைசியில் லேசாகச் சிரித்தார். நான் எடுத்தவற்றிலேயே நல்ல ஷாட் அது. எடுத்த கையோடு பி.ஆர்.ஓ.வுக்கு அனுப்பினேன்.

அது எங்கெல்லாமோ போனது. வளைகுடாவிலிருந்து கீழக்கரைக்காரர்கள் 'அய்யாவுக்கு அல்லா நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்' என்று எழுதினார்கள். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, "நாளைக்கு நம்ம படம்தான் தம்பி! புக்கிங் ஏறுது!" என்றார்.

"அண்ணே, புது வெர்ஷன் வந்துருச்சா?"

"மதியமே வந்துருச்சே."

"பழசையே போட முடியாதாண்ணே?"

"புதுசு ஏறுனதும் பழசு போயிரும்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அய்யா செருப்பைக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தன. சொல்லவில்லை. பி.ஆர்.ஓ.வுக்கு 'ஹவுஸ்ஃபுல்' என்று மெசேஜ் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது. வாசலில் அய்யாவோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. "செத்துப் பொழைச்ச அய்யா" என்று ஒருத்தர் பொன்னாடை போட்டார். சாவுக்கு வந்த அதே வேன் கமுதியிலிருந்து மறுபடி வந்திருந்தது. அம்மா வரவில்லை.

நான் அய்யாவுக்குப் பக்கத்து சீட். இடைவேளை வரைக்கும் கதாநாயகன் அடி வாங்கினான். இடைவேளையில் மாமா பாப்கார்னை நீட்டி, "இனிமேத்தான மச்சான் வருவாரு?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் பாதியில் கதாநாயகன் ஏடிஎம் வாசலில் வண்டியை நிறுத்தினான். அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் கண்ணாடிக் கதவு, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலி நாற்காலி. அடுத்த ஷாட்டில் மழை. அதற்கடுத்து போலீஸ் ஸ்டேஷன். அவ்வளவுதான்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மாமா முன்வரிசையிலிருந்து திரும்பிக் கத்தினார்: "எங்கடா மச்சான்? நாங்க செத்ததுக்கு வந்தோம், பொழைச்சதுக்கு வந்தோம், ஆளையே காணோம்?"

வாசலில் ஒருத்தன் போனைப் பார்த்து வீடியோ பேசிக்கொண்டிருந்தான்: "ஏமாத்து வேலை மக்களே. அந்தப் பெருசு படத்துலயே இல்ல." அய்யா அவனைக் கடந்துதான் வந்தார்.

ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். தேவிபட்டினம் தாண்டியதும் கேட்டார்.

"நான் சரியா செய்யலயாடா?"

"அதெல்லாம் இல்லய்யா. நீளமாயிருச்சுன்னு எடுத்துட்டாக."

"ஒன்னையக் கேட்டுக்கிட்டா?"

"ஆமா."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

அவர் விரலை மடக்கி நாளை எண்ணவில்லை. கணக்கு அவ்வளவு கடினமும் இல்லை. வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப சனிக்கிழமை என்னைய வச்சு எடுத்தியே…" என்றார். அந்த வாக்கியத்தை இன்றுவரை முடிக்கவில்லை.

திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். சிட்டியிலும்தான். மேனேஜர் பெரிய ஃபிளக்ஸை என்னிடமே கொடுத்துவிட்டார். அய்யா அதை விரித்து மிளகாய் காயப் போட்டார். நல்ல கெட்டி ஃபிளக்ஸ். 'எழுத்து இயக்கம்' என்ற இடத்தின் மேல் பழம் செக்கச்செவேலென்று கிடந்தது. கோடிச் சேலையை அம்மா பன்றி வராமல் இருக்கக் கொல்லை வேலியில் கட்டினாள். பதினோரு நிமிடமும் என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, போனில் போட்டுக் காட்டவா என்று கேட்டேன். "பெரிசா பாக்கணும்னுதான இருந்தேன்" என்றார் அய்யா.

நான் சென்னை கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரைக்கும் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். எங்கள் ஊர் நிறுத்தத்துச் சுவரிலும் அந்தப் போஸ்டர் இருந்தது. இங்கே ஆடு இன்னும் வரவில்லை. காவல்காரர் சட்டையில் அய்யா, மேலே கண்ணீர் அஞ்சலி. அவர் பார்க்க நான் நிற்க முடியவில்லை. நகத்தால் ஓரத்தைப் பிரித்துக் கிழிக்கப் போனேன்.

"விடு" என்றார்.

"அசிங்கமா இருக்குய்யா."

"இருக்கட்டும். இதுலயாச்சும் இருந்துட்டுப் போறேன்."

பிரிந்த ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு, மொபெட்டைத் திருப்பினார்.